வெளியே பூட்டு, உள்ளே ஆள்

தையல்காரம்மாவின் வீட்டுக் கதவில் பகல் முழுக்கப் பூட்டுத் தொங்கும். ஊருக்குப் போய்விட்டார்கள் என்று நீங்கள் நினைத்தால் நீங்களும் ஏமாந்தீர்கள். அவள் உள்ளேதான் இருந்தாள். அவளுடைய சின்ன மகளும் உள்ளேதான் இருந்தாள். காலையில் கணவன் வெளியே போய்க் கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வேலை தேடிப் போவான். பொழுது சாயும்போது வந்து திறந்துவிடுவான். கடன்காரர்களுக்குப் பயந்து புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கண்டுபிடித்த வித்தை இது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு போகுமாம், அந்தக் கதைதான்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கதவை ஒருத்தன் தட்டோ தட்டென்று தட்டிப் பார்த்தால் தெரியும்.

அவள் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வருஷக்கணக்காகச் சட்டைக் காலர் மட்டுமே தைத்தவள். முழுச்சட்டையை அங்கே கண்ணால் பார்த்ததே இல்லை என்பாள். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியதுதான் அவளுடைய மிதி மெஷின். அதைக் கொண்டுவந்து இந்தத் தெருவில் போட்டபிறகு அவள் வாய்க்கு முன்னால் யாரும் நின்றதில்லை. நாளைக்கு விசேஷம் என்று இன்றைக்குத் துணியோடு வந்து நிற்பவர்களைப் பார்த்து, "நான் தையல்காரியா, மந்திரவாதியா?" என்பாள். திட்டிக்கொண்டே வாங்கி வைத்து, சொன்ன நேரத்துக்குக் கொடுத்தும் விடுவாள்.

கணவன் வெல்டர். யாரிடமோ கைகட்டி வேலை செய்தது போதும், சொந்தமாகப் பட்டறை போடலாம் என்று அவனுக்கு ஆசை வந்தது. ஆசையில் தப்பில்லை. கடன் வாங்கினார்கள். பத்திரத்தில் மெஷினை ஈடாக எழுதச் சொன்னபோது அவளே சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். முதல் பெரிய வேலையாக ஒரு கட்டடம் முழுக்க கேட்டும் ஜன்னல் கம்பியும் அடித்துக் கொடுத்தான். கட்டடக்காரன் பணம் கொடுக்காமல் கம்பி நீட்டிவிட்டான். பட்டறை போயிற்று. கடன் மட்டும் போகவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற மாதிரி வட்டி அசலைத் தாண்டி வளர்ந்தது.

வசூலுக்கு வருகிறவன் தலைக்கவசத்தைக் கழற்றவே மாட்டான். கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுப் பேசுவான். கடைசியாகக் கதவு திறந்திருந்த நாளில் அவன் குரலை உயர்த்தக்கூட இல்லை.

"அடுத்த தடவை வண்டியோட வருவேம்மா. மெஷினை ஏத்திட்டுப் போயிடுவேன். என்னைத் தப்பா நினைக்காதீங்க."

சத்தம் போட்டிருந்தால்கூட அவள் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பாள். அந்த அமைதியில் அவள் கை தானாகப் போய் மெஷினைப் பிடித்துக்கொண்டது. மெஷின் போனால் அடுப்பும் போன மாதிரிதான். மறுநாள் கதவில் பூட்டு ஏறியது.

அன்றிலிருந்து அந்த வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஜன்னலைத் திறப்பதில்லை. குக்கர் விசில் காட்டிக் கொடுத்துவிடும் என்று திறந்த பாத்திரத்தில் சமைத்தாள். மெஷினை மிதித்தால் தெருமுனை வரை கேட்கும். பகலில் அதன் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு, பட்டன் கட்டுவதும் ஓரம் மடித்து அடிப்பதுமாகக் கைவேலை மட்டும் செய்தாள். அதுவும் கணவன் யாரோ தெரிந்த கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்த வேலை. இருந்த இரண்டு போனில் ஒன்றை விற்றாயிற்று, மற்றொன்று அவன் பையில்.

எல்லாவற்றிலும் பெரிய கஷ்டம் மகள்தான். ஓயாமல் பேசுவாள் என்பதால் தெருவே அவளுக்குக் குருவி என்று பேர் வைத்திருந்தது. அந்தக் குருவியின் வாயை மூடுவதற்கு அம்மா ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். முதலில் பேசுகிறவர் தோற்றவர். குழந்தை நாள் முழுக்க ஜெயித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் அம்மாவின் காதோரம் வந்து, "அம்மா, நாம திருடங்களா?" என்று ரகசியமாகக் கேட்டது. அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையையும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டியிருந்தது.

வசூல்காரனுக்கு அடுத்தபடி அவள் பயந்தது எதிர்வீட்டு ரேடியோ அக்காவுக்கு. பேரே சொல்லுமே. தெருவில் யார் வீட்டில் பால் பொங்கினாலும் அக்கா வாயில் அது செய்தியாகிவிடும். உலை வாயை மூடலாம், அந்த வாயை மூட முடியுமா? "யாருக்குத் தெரிஞ்சாலும் அந்த அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாதுங்க" என்று கணவனிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். வசூல்காரனின் பைக் வந்து நிற்கும்போதெல்லாம் அக்காவின் குரலும் கூடவே கேட்கும். வார்த்தை புரியாது. ஒரு முணுமுணுப்பு, நடுவில் ஒரு சிரிப்பு. போட்டுக் கொடுக்கிறாள், நிச்சயம் போட்டுக் கொடுக்கிறாள் என்று இவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அப்படி ஒருநாள் குருவிக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் மாத்திரை கொடுத்ததும் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. "சாயங்காலம் டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கணவன் பூட்டிக்கொண்டு போனான். உச்சி வேளையில் குழந்தையின் உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. ஈரத்துணி போட்டாள், துணி காய்ந்தது. கதவுப் பக்கம் ஓடினாள், திரும்பி வந்தாள். பூட்டு வெளியே, சாவி எங்கோ ஒரு கட்டடத்தில், அவன் சட்டைப் பையில். தீப்பிடித்தால் என்ன செய்வது, பிள்ளைக்கு ஒன்று என்றால் என்ன செய்வது என்று பெற்றவர்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றாமல் என்ன. அவளுக்குள் பயம் அந்தக் கேள்வியின் கழுத்தை நெரித்துப் போட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் பைக் வந்து நின்றது.

அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கல்லாய் உட்கார்ந்தாள். பூட்டை ஆட்டிப் பார்க்கிற சத்தம். அக்காவின் முணுமுணுப்பு. போய்விடு, போய்த் தொலை என்று மனசுக்குள் மன்றாடினாள். மடியில் குழந்தையின் உடம்பு திடீரென்று விறைத்தது. கண் மேலே செருகிவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

கத்தினால் மெஷின் போகும். கத்தாவிட்டால்? அவள் யோசிக்கவே இல்லை. யோசித்தாள் என்று நான் சொன்னால் அது பொய்.

"அக்கா! அக்கா, என் புள்ள! கதவைத் திறங்க அக்கா!"

உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, யாருக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கினாளோ அவளைத்தான் கூப்பிட்டாள். கதவை உடைக்கப் போகிறார்கள் என்று குழந்தையை இழுத்து ஓரமாக ஒதுங்கினாள். யாரும் உடைக்கவில்லை. பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. கதவு திறந்து, ரேடியோ அக்கா உள்ளே வந்தாள். அவள் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு தலைக்கவசம் நின்றது.

"ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில எதையும் திணிக்காதே. காய்ச்சல்ல வர்ற இழுப்புதான், கொஞ்சம் பொறு, நின்னுடும். என் பெரியவனுக்கும் இப்படித்தான் வந்துச்சு" என்றாள் அக்கா. சொன்னமாதிரியே கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்று, குழந்தை துவண்டு போய் முனகியது. அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். "மரம் மாதிரி நின்னுட்டிருக்கியே தம்பி, வண்டியை எடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவன் வண்டியைக் கிளப்பினான்.

எந்த ஆளுக்குப் பயந்து இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாளோ, அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் குழந்தையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து போனாள் தையல்காரம்மா. வளைவில் வண்டி சாய்ந்தபோது வேறு வழியில்லாமல் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார் டாக்டர். அவள் திரும்பிப் பார்த்தாள். வசூல்காரனைக் காணோம். வீடு திறந்து கிடக்கிறது, மெஷின் உள்ளே இருக்கிறது என்ற நினைப்பு அப்போதுதான் அவளுக்கு வந்தது. பிள்ளை பிழைத்தது, பிழைப்பு போயிற்று. குருவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி, எழுந்து போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தாள்.

அக்கா அனுப்பி, பின்னாலேயே ஆட்டோ பிடித்துத் தெருமுனை மளிகைக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரிச் செலவை அவரே கட்டினார். அவள் கணவனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை என்றார். வீட்டைப் பற்றி அவரிடம் கேட்கப் பயந்து, குழந்தையின் நெற்றியையே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

திரும்பி வந்தபோது தெருவில் ஒரு சின்ன லாரி நின்றது. அவள் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். மெஷின் இருந்த இடம் வெறும் தரை. ஆனால் லாரியும் காலியாகத்தான் நின்றது. கூட்டம் எல்லாம் எதிர்வீட்டு வாசலில் இருந்தது.

கூட்டத்துக்கு நடுவே, தெரு ஆட்கள் தூக்கி வந்து வைத்திருந்த அவளுடைய மெஷின். மெஷின் முன்னால் ரேடியோ அக்கா, முக்காலியில் மகாராணி மாதிரி.

"இது என் மெஷின். எங்க வீட்ல இருந்தா அது என்னோடதுதானே?" என்றாள் அக்கா.

"சரி. உங்களோடதுன்னா தச்சுக் காட்டுங்க" என்றான் வசூல்காரன்.

அக்கா ஒரு துணியை வைத்து, காலை ஊன்றி, ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. நூல் பந்தாய்ச் சுருண்டது. விடுவாளா? இன்னொரு மிதி. ஊசி 'டிக்' என்று ஒடிந்து தெறித்தது. அக்கா கொஞ்சமும் அசராமல், "ஊசி சரியில்ல" என்றாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வசூல்காரன் சிரிக்கவில்லை. குழந்தையோடு நின்ற தையல்காரம்மாவை அப்போதுதான் பார்த்தான்.

"நீங்களே சொல்லுங்கம்மா. இது யார் மெஷின்?"

என்னுடையது இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மொத்தத் தெருவும் அந்தப் பொய்யைத் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றது. அக்கா கண்ணாலேயே ஜாடை காட்டினாள். தனக்காக ஒருத்தி தெருவுக்கு முன்னால் பொய் சொல்லி அசிங்கப்பட்டுக்கொண்டிருக்க, தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

"என்னோடதுதான்" என்றாள். "கடனும் என்னோடதுதான். நான்தான் கையெழுத்துப் போட்டேன். இதை எடுத்துட்டுப் போனா அதோட முடிஞ்சுது, மிச்சக் கடனை அடைக்க எனக்கு வேற வழி கிடையாது. விட்டு வச்சா கொஞ்சம் கொஞ்சமா கட்டுவேன்."

"இதைத்தான் எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்லட்டும். இவளுக்கு நாங்க பொறுப்பு" என்றார் மளிகைக்கடைக்காரர். அக்கா எழுந்து உள்ளே போய், ஒரு மூட்டையைக் கொண்டுவந்து தொப்பென்று போட்டாள். கிழிந்த பள்ளிக்கூடச் சீருடை, நீளம் குறைக்க வேண்டிய திரைச்சீலை, தலையணை உறை, வெட்டாத புதுத்துணி. மேலே ஒரு காகித உறையில் பணம்.

"பிச்சைன்னு நினைக்காதே. தையல் கூலி, முன்கூட்டியே குடுத்திருக்கோம்" என்று இவளிடம் சொன்னாள். "நீ பூட்டிக்கிட்டு உள்ளே உக்காந்துட்டா நாங்க துணியை எங்கேடி கொண்டுவந்து குடுக்கறது? பக்கத்துத் தெருக்காரன் தச்சது அக்குள்ல பிடிக்குது."

"அக்கா, உங்களுக்கு… சாவி…"

"இன்னொரு சாவியை உன் புருஷன்தான் முதல் நாளே குடுத்தான். தீ கீ பிடிச்சா என்ன பண்றதுன்னு பயந்து. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினான். நான் யார்கிட்டயும் மூச்சு விடல. ஆனா சமையல் வாசனைக்குப் பூட்டுப் போட முடியுமா? தெருவுக்கே தெரியும். இந்தத் தம்பிதான் பாவம், ஒவ்வொரு தடவையும் நான் சொன்னதை நம்பிட்டு, ஊர்ல இல்லன்னு திரும்பிப் போச்சு."

ரேடியோ தன் ஆயுசில் ஒலிபரப்பாமல் வைத்திருந்த ஒரே செய்தி அது. தையல்காரம்மாவுக்கு அவள் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. இடுப்பில் குழந்தை இருந்ததால் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். சத்தம் போட்டு அழுது எத்தனையோ நாளாகியிருந்தது.

அவள் நீட்டிய பண உறையை வசூல்காரன் வாங்கி எண்ணி, ரசீது எழுதிக் கொடுத்தான். லாரிக்காரனைப் போகச் சொன்னான். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இத்தனை நாள் தான் பயந்து கிடந்த முகம் இதுதானா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சின்ன வயசு, தூக்கமில்லாத கண்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல், "ஆஃபீஸ்ல பேசிப் பார்க்கறேன். ஒத்துக்குவாங்களான்னு எனக்கே தெரியாது. ஒத்துக்கலைன்னா மறுபடி லாரியோடதான் வரணும். எதுவானாலும் திங்கட்கிழமை வருவேன்" என்றான்.

ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றே அவளுக்குத் தோன்றியது. குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அக்கா பக்கத்தில் வந்து நெருங்கி நின்றுகொண்டாள்.

"வாங்க" என்றாள் தையல்காரம்மா. "வீட்லதான் இருப்பேன்."