அடிபட்ட விமானம்

விமானத்தின் அடிவயிற்றை மட்டுமே பார்த்து வளர்ந்தவள் நான். அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்து கிளம்புகிறவை திருத்தணி மலையை ஒட்டித் திரும்பி எங்கள் தகரக் கூரைக்கு மேலேதான் போகும். சத்தம் கேட்டு வெளியே ஓடி வருவதற்குள் சாம்பல் நிற வயிற்றைக் காட்டிவிட்டுப் போய்விடும். அதன் முதுகு எப்படி இருக்கும், கதவு எந்தப் பக்கம், தொட்டால் சுடுமா என்று யாரைக் கேட்டாலும் பதில் கிடையாது. ஆகவே ஏழாம் வகுப்பில் அறிவியல் டீச்சர், பள்ளிக் கண்காட்சியில் யார் செய்தது தேர்வாகிறதோ அவர்களைத் தளத்துக்குள் அழைத்துப்போய் விமானத்தைக் கிட்டத்தில் காட்டுவார்கள் என்று சொன்னபோது, நான் போவது என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பார்த்தால் பொம்மை என்று தோன்றக் கூடாது, நிஜம் போலவே இருக்க வேண்டும். தெர்மக்கோலில் எரிமலை செய்யலாம் என்றிருந்த பிள்ளைகளின் முகம் வாடியது. என் முகம் வாடவில்லை, ஏனென்றால் என்னிடம் ஏற்கனவே ஒரு விமானம் இருந்தது. அம்மாவின் தம்பி சென்னையில் பார்சல் கொடுக்கும் வேலையில் இருந்தார். விளையாட்டுச் சாமான் என்று நினைத்து அந்த மாமா வாங்கி வந்த டப்பாவைத் திறந்தால் உள்ளே சீப்புச் சீப்பாகப் பிளாஸ்டிக் துண்டுகள். “இத்த நாமளே ஒட்டணுமா? அதுக்கு நான் ப்ளேனே ஓட்டிகினு போயிடுவேனே” என்று சொல்லிவிட்டு என் கையில் கொடுத்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் பறந்த சண்டை விமானம் அது. மூக்கில் ஒற்றை விசிறி, ஒரே ஒரு ஆள் உட்காரும் சீட்டு. கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஒட்டி முடித்திருந்தேன். நிறம் அடிப்பதுதான் பாக்கி.

நிறத்துக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. மலைக்கு ஏறுகிற சாலையின் கீழே நைனா பட்டறை வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். அடிபட்ட வண்டிகளுக்கு ஒடுக்கு எடுத்து, பட்டி வைத்து, தேய்த்து, பெயின்ட் அடிப்பது அவர் வேலை. பூஜை போடப் போகிற புது வண்டிகள் எங்களைத் தாண்டி மலைக்குப் போகும், அடிபட்டவை எங்கள் வாசலில் நிற்கும். பட்டறையின் பின்பக்கம்தான் வீடு. சாம்பாரில்கூட லேசாகத் தின்னர் வாசனை வரும் என்று மாமா கிண்டல் செய்வார்.

வழி காட்டியது மாமாவின் போனில் பார்த்த வீடியோக்கள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், முகம் தெரியாது, இரண்டு கைகள் மட்டும். பேசுவதில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கை செய்வது புரிந்தது. முதலில் விமானம் முழுக்கச் சில்வர். காய்ந்ததும் அங்கங்கே ஈரம் தொட்டு உப்புக்கல்லை ஒட்ட வேண்டும். அதன் மேல் பச்சையும் மண் நிறமும் அடித்துக் காயவைத்து, உப்பை விரலால் உதிர்த்தால் அந்த இடத்தில் சில்வர் எட்டிப் பார்க்கும். பல நாள் வெயிலிலும் மழையிலும் பறந்து பெயின்ட் உரிந்த விமானமாகிவிடும். கறுப்புப் பெயின்டை மண்ணெண்ணெயில் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டால் அழுக்கு. அடுப்புக்கரித் தூளை இன்ஜின் குழாய்களின் பின்னால் தடவினால் புகை. சூடான ஊசியால் குத்தினால் குண்டு பாய்ந்த ஓட்டை.

அம்மா பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண். லுங்கியில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலே அது டேமேஜ், கடையில் எடுக்கமாட்டார்கள் என்று கேட்டு வளர்ந்தவள். நான் கரி தடவுவதை இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

“ஊரே பழச புதுசாக்க உங்க நைனாவாண்ட வந்துகினுகீது. நீ இன்னாடின்னா புதுச பழசாக்கினுகீற” என்றாள்.

“நிஜமா இருக்கணும்னா அப்படித்தாம்மா” என்றேன்.

ஒரு இடம் மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை. பெரிய உரசல் ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். உப்பு வைத்தால் புள்ளி புள்ளியாகத்தான் பெயர்ந்தது, உரசல் வரவில்லை. பட்டறையின் மூலையில் தார்ப்பாய் போர்த்தி ஒரு சிவப்பு பைக் நின்றது. நகரி ரோட்டில் லாரியோடு மோதிய வண்டி. ஓட்டியவர் பிழைக்கவில்லை. அம்மாவின் ஊர்க்காரர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்று அம்மா சொல்லிக் கேட்டிருந்தேன். இப்படிப்பட்ட வண்டி வந்தால் நைனா முதலில் தார்ப்பாய் போடுவார். வேலை முடிகிறவரை அந்த வீட்டு ஆட்களை அதன் பக்கத்தில் விடமாட்டார். எங்கே அடிபட்டது என்று விரல் வைத்துத் தேடினாலும் கிடைக்காதபடி செய்து, தாமே மலைக்கு ஓட்டிப்போய் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை போட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் தார்ப்பாயைத் தூக்கினேன்.

அருமையான உரசல் அது. டாங்க்கின் இடது பக்கத்தில் அகலமாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, ஓரங்களில் சிவப்புக்கும் இரும்புக்கும் நடுவே அடிப்பூச்சான பிரைமரின் சாம்பல் நிறம் மெல்லிய கரையாகத் தெரிந்தது. அந்தச் சாம்பல் கரையைத்தான் நான் என் விமானத்தில் வைக்காமல் விட்டிருந்தேன். குந்தி உட்கார்ந்து பென்சிலால் வரைந்துகொண்டேன். அன்று சாயங்காலமே விமானத்தின் இடது பக்கம், ஓட்டுகிறவர் சீட்டுக்குச் சற்றுக் கீழே, அதே உரசலை வைத்தேன். கூடவே சீட்டை ஒட்டி ஊசியால் ஓட்டைகள். அப்படியே அச்சாக வந்துவிட்டது. எனக்கு நானே கை கொடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நைனா சாப்பிட்டுவிட்டு விமானத்தைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தவர் இடது பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

“இத்த எத்த பாத்து போட்ட?”

“தார்ப்பாய் போட்டு வெச்சிருக்கியே நைனா, அந்த பைக்க பாத்து. எப்டிக்கீது?”

அவர் விமானத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார். வேலை நன்றாக வந்தால் அவர் பாராட்டமாட்டார், பேசாமல் போவார். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கண்காட்சி திங்கட்கிழமை. சனிக்கிழமை பள்ளி முடிந்து வந்தால் அலமாரி காலி. அம்மா ரொம்பச் சந்தோஷமாக, “நைனா மலைக்கு எத்தினு போயிருக்காரு, பூஜ போட” என்றாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. நைனா மடியில் தாம்பாளம், தாம்பாளத்தில் என் விமானம்.

பளபளவென்று கிளிப்பச்சை. ஒரு உரசல் இல்லை, ஒரு துளி அழுக்கு இல்லை. மூக்கில் சந்தனம், குங்குமம், விசிறியைச் சுற்றிச் சாமந்திச் சரம். இறக்கையின் அடியில் லாரிக்கு எழுதுவதுபோல் மஞ்சள் எழுத்தில் ‘வேலும் மயிலும் துணை’. சீட்டின் பக்கத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். எல்லா ஓட்டையையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மழமழவென்று ஆக்கியிருந்தார். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் இளகும் என்று தெரிந்தவர், காற்றுப்போல் மெல்லிசாக அடித்திருந்தார்.

“பழத்த சக்கரத்துக்கு கீழ வெச்சா வண்டி ஒடைஞ்சிடும்னு குருக்களே பயந்துட்டாரு. கையால பிழிஞ்சு உட்டாரு” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

“யாரு நைனா ஒன்ன தொட சொன்னாங்க?”

என் குரலைக் கேட்டு ஆட்டோக்காரரே திரும்பிப் பார்த்தார். நைனா நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

“நாளன்னிக்கு நாலு பேரு பாக்கறது. அடிபட்ட வண்டிய அப்டியே எம்பட்டறையிலேந்து வெளிய அனுப்பனதில்லமா நானு.”

“அடிபட்டாத்தான் நைனா அது நெஜம்.”

“நெஜம் எல்லாருக்கும் தெரியும். அத்த இன்னாத்துக்கு காட்டிகினு?”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ராத்திரி சாப்பிடவில்லை. அழவும் இல்லை. அழுதால் பாவம் என்று மிட்டாய் வாங்கிக் கொடுத்து முடித்துவிடுவார்கள். எனக்கு வேண்டியது மிட்டாய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நைனாவின் வாட்டர் பேப்பரையே எடுத்துப் பட்டறை வாசலில் உட்கார்ந்தேன். தண்ணீர் தொட்டுத் தொட்டு அந்தப் பளபளப்பைத் தேய்த்துக் கொன்றேன். மறுபடி உப்பு வைக்க நேரமில்லை. கிழிந்த பைக் சீட்டிலிருந்து ஸ்பாஞ்சைப் பிய்த்து, சில்வரில் லேசாகத் தொட்டு, ஓரங்களில் ஒற்றி ஒற்றி எடுத்தேன். உப்பைவிட இது நன்றாக வந்தது என்பதை அன்றே கவனித்துக்கொண்டேன். அழுக்கு ஓடவிட்டேன், கரி தடவினேன். இறக்கையின் அடிக்கு வந்தபோதுதான் அம்மா கையைப் பிடித்தாள்.

“சாமி பேர சொரண்டாத. மலைக்கு போயி வந்ததுடி அது.”

இதில் அவளோடு மல்லுக்கு நிற்க முடியாது என்று தெரியும். எழுத்தின் மேலேயும் கொஞ்சம் அழுக்கை ஓடவிட்டு அதை அப்படியே வைத்தேன்.

நைனா எதிரே உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பாட்டுக்குச் செய்தேன், அவர் தடுக்கவில்லை. ஊசியை மெழுகுவத்தியில் காட்டியபோது மட்டும் வேலையை நிறுத்தினார்.

“ரெக்கையில எவ்ளோ வேணா போட்டுக்க. சீட்டாண்ட மட்டும் வாணாம்மா.”

“வீடியோல அங்கதான் நைனா கீது.”

“ஆங்... இருக்கட்டும். உள்ள ஒருத்தன் குந்திகினு இருப்பான் இல்ல.”

“பொம்ம நைனா இது. உள்ள யாரும் இல்ல.”

முதல் நாள் நிஜம் நிஜம் என்று கத்தியவளும் நான்தான். சீட்டை ஒட்டியே குத்தினேன். இன்றைக்குக் கேட்டாலும் ஓட்டைக்கு அதுதான் சரியான இடம் என்பேன். நைனா எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

கண்காட்சியில் தேர்வு செய்ய வெளியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் என் விமானத்தின் இடது பக்கத்தை விரலால் தடவினார். கையில் கரி ஒட்டியதும் அவருக்குச் சந்தோஷம். “இது எந்தக் குப்பையிலம்மா கெடைச்சுது?” என்று கேட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு அதற்குப் பிறகும் எனக்கு வாய்க்கவில்லை. தூக்கிப் பார்த்தவர் கண்ணில் இறக்கையின் அடியில் இருந்த மஞ்சள் எழுத்து பட்டது. உலகப் போரில் பறந்த விமானத்தில் வேலும் மயிலும் எப்படி வந்தது என்றார். டீச்சருக்கு முகம் செத்துவிட்டது.

“ஓட்டினவரு திருத்தணிக்காரரு சார்” என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் பெயரை எழுதிக்கொண்டார்கள். வீட்டில் வந்து சொன்னபோது அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நைனா சிரிக்கவில்லை.

“அப்றம் இன்னா ஆனாராம்?” என்றார்.

“யாரு?”

“ஓட்டினவரு.”

“அதெல்லாம் கேக்கல நைனா.”

அடுத்த வாரம் தளத்துக்குள் போனோம். அவ்வளவு பெரிய வாசலையும் அவ்வளவு நீளமான தார்ச்சாலையையும் நான் அதுவரை பார்த்ததில்லை. விமானம் கொட்டகை நிழலில் நின்றது. முதுகைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், அனுமதி கேட்டுத் தொட்டேன். சுடவில்லை, சில்லென்று இருந்தது. பிறகு என் கண் தானாகவே உரசலைத் தேடத் தொடங்கியது. ஒன்றுகூட இல்லை. கரி இல்லை, எண்ணெய் வழியவில்லை, ஓரங்களில் உரியவில்லை. பறந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுவார்களாம். ஏணியில் ஏறி நின்ற ஒருவர் சின்னத் தூரிகையால் எதையோ தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறார் என்று கேட்டேன். நேற்று ஒரு இடத்தில் பெயின்ட் கொஞ்சம் போய்விட்டது, அதை அடைக்கிறார் என்றார்கள். இத்தனை பாடுபட்டு இதைப் பார்க்கவா வந்தேன் என்றிருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து அந்தக் குறையை நைனாவிடம்தான் கொட்டினேன். அவர் அப்போது அந்தச் சிவப்பு பைக்கின் டாங்க்குக்குக் கடைசிப் பூச்சு அடித்துவிட்டு, முகத்தில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு கீறல்கூட இல்ல நைனா. பொம்ம மாதிரிகீது.”

“ஒண்ணுகூட இல்லையா?”

“இல்ல. ஒரு ஆளு ஏணி மேல நின்னுகினு, தம்மாத்தூண்டு எடத்த பிரஷ்ஷால தொட்டுகினு இருந்தாரு.”

நைனா ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தார். அந்த ஆள் எப்படி நின்றார், எவ்வளவு சின்ன இடம், கூட யாராவது நின்று பார்த்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். டீ கொண்டுவந்த அம்மாவிடம், “பாப்பா சொல்றா கேளு” என்று அவளையும் உட்கார வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

“அப்டின்னா அத்த ஓட்றவங்க வூடு வந்து சேந்துருவாங்க” என்றார்.

“பெயின்டுக்கும் அதுக்கும் இன்னா நைனா சம்மந்தம்?”

ஈரம் காயாத டாங்க்கின் மேல் ஒரு கொசு உட்காரப் போனது. நைனா கையால் விசிறி அதை ஓட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நைனாவுக்கு விமானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று அம்மாவின் காதில் சொல்லிவிட்டு நான் கைகால் கழுவப் போனேன்.