மூன்று முறை பெயர் கேட்கும் மலை

எனக்குப் பத்து வயதானபோது ஓர் உலகத்தைப் படைத்தேன். கடவுளுக்கு ஆறு நாள் பிடித்தது, எனக்குப் பன்னிரண்டு நாள். கோடை விடுமுறை என்பதால் அவசரம் ஒன்றும் இல்லை.

படைக்கக் கற்றுக்கொடுத்தது சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணத்துக்காக ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு, கம்பைநல்லூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாவைப் பெற்ற ஆயா காலமாகிவிட்டதால் பெண் வீடு என்றால் எங்கள் வீடுதான். மாப்பிள்ளை பார்த்தது, நாள் குறித்தது எல்லாம் எங்களோடு இருந்த தாத்தா. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று: பெண் வேலையை விட்டுவிட வேண்டும். சித்தி சரி என்று சொல்லிவிட்டதாகத் தாத்தா எல்லோரிடமும் சொன்னார். சித்தி சொல்லி நான் கேட்கவில்லை.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் இருப்பது யாருக்காவது தெரிந்தால் சொல்லிவிட வேண்டும் என்று பூசை முடிகிற நேரத்தில் சாமியார் படிப்பார். யாரும் எழுந்து எதையும் சொல்லி நான் பார்த்ததில்லை. பெண் உட்கார்ந்திருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எல்லோரும் கறிக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். மூன்றாவது ஓலையும் முடிந்துவிட்டால் பாதித் தாலி கட்டிய மாதிரிதான்.

சித்திக்கு முதல் ஓலை வாசித்த மறுநாள், அவர் தன் பையிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்துத் தரையில் கவிழ்த்தார். உள்ளே கட்டைகள். நாங்கள் அறிந்த தாயக்கட்டைக்கு நாலு பக்கம். இவற்றில் ஒன்றுக்கு எட்டு முகம், ஒன்றுக்கு இருபது. இருபது முகக் கட்டை நெல்லிக்காய் அளவில் பச்சையாகப் பளபளத்தது. அண்ணன் அதை வாயில் போட்டுப் பார்த்தான். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, அந்த வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட விளையாட்டாம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் ஓர் உலகத்தை உண்டாக்கி நடத்த வேண்டும். இன்னொருவர் அதற்குள் ஓர் ஆளாக நுழைந்து, நான் இங்கே போகிறேன், இதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வருவார். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் கட்டையை உருட்ட வேண்டும்.

அண்ணன் அன்றைக்கே ஒரு நோட்டு முழுக்க எழுதிக்கொண்டு வந்தான். ஏழு ராஜ்ஜியம், நாற்பது ராஜாக்கள், எல்லோருக்கும் பட்டப்பெயர். சித்தி பொறுமையாகப் படித்துவிட்டு, “இதுல யாருக்காச்சும் பசிக்குதா?” என்று கேட்டார்.

அண்ணன் விழித்தான். அவனிடம் நெருப்புக் கக்கும் பறக்கும் பாம்பு ஒன்று இருந்தது. அதற்குப் பசிக்கும், தினம் பத்து ஆடு தின்னும் என்றான். ஊரில் மொத்தம் எத்தனை ஆடு என்று சித்தி கேட்டார். நூறு. பதினோராம் நாள் அது என்ன செய்யும்? மனிதர்களைத் தின்னும். அதற்கு அப்புறம்? சாயங்காலத்துக்குள் ஏழு ராஜ்ஜியமும் காலி. பாம்பு மட்டும் தன்னந்தனியாகப் பசியோடு உட்கார்ந்திருந்தது.

மறுநாள் அண்ணன் மனதைத் தேற்றிக்கொண்டு, ஒரே ஓர் ஊர், அமாவாசைக்கு ஓர் ஆடு என்று குறைத்துக்கொண்டான். யார் வீட்டு ஆடு என்று கேட்டார் சித்தி. அந்த நிமிஷமே அண்ணன் ஊரில் முதல் சண்டை வெடித்தது. சித்தி கைதட்டிச் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் கற்றுக்கொடுத்த விதம் அதுதான். எதையும் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டுக்கொண்டே இருப்பார். தண்ணி எங்கிருந்து வருது? செத்தா எங்க பொதைப்பாங்க? புதுசா ஒருத்தர் வந்தா முதல்ல யாரு பாப்பாங்க? ஆனால் உறுதியாகச் சொன்ன சங்கதி இரண்டு உண்டு. நம் ஊரில் இல்லாத ஒரு விதி அந்த ஊரில் இருக்க வேண்டும், வைத்தபிறகு வேண்டியவர்களுக்காக அதை வளைக்கக் கூடாது. அடுத்தது, உள்ளே வந்து விளையாடுகிறவரிடம் ‘முடியாது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. ‘முடியாது, ஆனா’ என்று ஆரம்பித்து ஒரு சந்தாவது திறந்துவிட வேண்டும்.

என் ஊருக்கு மேகப்பட்டி என்று பெயர் வைத்தேன். சித்தேரி மாதிரி மலைமேல் ஊர், ஒரு நாளைக்கு ஒரு பஸ். நம் ஊரில் இல்லாத விதிக்காக இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் வந்தது இது: வெளியூரிலிருந்து வருகிறவரின் பெயரை ஊரார் மலையைப் பார்த்து மூன்று நாள் காலையில் வாசிப்பார்கள். மூன்றாம் முறை கேட்டதும் மலை அவரைத் தன் ஆளாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எல்லைக் கல்லைத் தாண்டிக் கீழே இறங்கினால், சுற்றிச் சுற்றி மறுபடி மேகப்பட்டியிலேயே வந்து நிற்பார். முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அதற்குள் சித்திக்கு இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் என் ஊரைச் சோதித்துப் பார்க்க சித்தி உள்ளே வந்தார். பூட்டுத் திறக்கிற ஒரு நாடோடிப் பெண் வேஷம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் தலைக்குமேல் வேலை கிடக்க இது ஒரு விளையாட்டா என்று காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டும் இருந்தார்.

மேகப்பட்டி ஜனங்கள் நல்லவர்கள். நாடோடிக்குக் களி போட்டார்கள், கம்பளி கொடுத்தார்கள். முதல் நாள் பெயரை வாசித்தார்கள். இரண்டாம் நாளும் வாசித்தார்கள்.

“நான் கீழ எறங்கணும்,” என்றார் சித்தி.

“எறங்கலாம் சித்தி. மூணாவது தடவ படிக்கறதுக்குள்ள யாராச்சும் தடை சொல்லணும்.”

“நான் சொல்றேன். எனக்கு இந்த ஊரு வேண்டாம்.”

நான் யோசித்தேன். கோயிலில் சாமியார் ஊராரைப் பார்த்துத்தான் கேட்பார். பெண்ணைப் பார்த்துக் கேட்டதில்லை. “நீங்களே சொன்னா செல்லாதுங்க சித்தி. வேற யாராச்சும்தான் சொல்லணும். ஓலை படிக்கறப்ப அப்பிடித்தான கேக்கறாங்க?”

சித்தி அம்மாவைப் பார்த்தார். புளிக்கொட்டை விழும் சத்தம் நின்றிருந்தது. சித்தி மறந்துவிட்டார் போலிருக்கிறது, நாமாவது சந்து திறந்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

“முடியாது, ஆனா கூடப் பொறந்தவங்க வந்து சொன்னா மலை கேக்கும்.”

“அவளுக்கு ஒரு அக்கா இருக்கா,” என்றார் சித்தி. “தூரத்துல. வருவாளா?”

இதைவிடச் சந்தேகமான இடம் எது? இருபது முகக் கட்டையை எடுத்தேன். இருப்பது ஒரே பஸ், அதனால் பதினைந்துக்கு மேல் விழுந்தால்தான் அக்கா வருவாள் என்று சட்டம் பேசினேன். சித்தி கட்டையை வாங்கி அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா புளிக் கையோடே உருட்டினார். நாலு விழுந்தது.

“பஸ்ஸு போயிருச்சு. அக்கா வரல,” என்று தீர்ப்புச் சொன்னேன்.

“போனா போவுது. நடந்து வருவா,” என்றார் அம்மா.

“அதெல்லாம் முடியாது, நாலு உழுந்திருக்கு!”

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சித்தியின் முகத்தைப் பார்த்து, “நெசமாவே எறங்கணுமாடி உனக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். சித்தி தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். கையைக்கூடக் கழுவாமல் அம்மா எழுந்து, தாத்தா கட்டிலில் படுத்திருந்த அறைக்குள் போனார். நான் கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செல்லாது செல்லாது என்று பின்னாலேயே கத்தினேன். அண்ணன் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனான்.

உள்ளே தாத்தாவின் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அம்மா என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. சாயங்காலம் அம்மா புடவையை மாற்றிக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வேறு யாருக்கோ ஓலை வாசித்தார்கள், சித்தி பெயர் வரவில்லை. ஜனங்கள் அன்றைக்கும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் கறிக்கடைக்குப் போக ஒருவருக்கும் அவசரமில்லை. கல்யாணத்துக்காகத் தைத்த என் பட்டுப் பாவாடை பீரோவுக்குள் போனது. தாத்தா அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டு, சோறு வேண்டும் என்பதைக்கூட என்னிடம் சொல்லி அனுப்பினார். எனக்கு எல்லோர்மீதும் கடுப்பு. விளையாட்டில் அம்மா செய்த அழுகுணி ஆட்டத்தை யாருமே கண்டிக்கவில்லை என்பதுதான் அதில் பெரிய கடுப்பு.

செவ்வாய்க்கிழமை சித்தி பெங்களூருக்குக் கிளம்பினார். பஸ் வந்ததும், “உங்க ஆளு இன்னும் மலைமேலதான் இருக்கறாங்க, ஞாபகம் வெச்சுக்கங்க,” என்று கண்டிப்பாகச் சொன்னேன். சித்தி விழுந்து விழுந்து சிரித்தார். என் கன்னத்தைப் பிடித்து ஒரு முத்தம் வைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது அம்மாவை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

“நாலுதான உழுந்துச்சு. அப்பறம் ஏம்மா நீ போன?”

“எனக்கு ஓலை படிச்சப்ப மூணு ஞாயித்துக்கெழமையும் உங்க சித்தி எம்பக்கத்துலதான் உக்காந்திருந்தா. உன் வயசுதான் இருக்கும். எந்திரிச்சுச் சொல்ல அவளுக்கு என்ன தெரியும், பாவம்,” என்றார் அம்மா.

நான் கேட்டது ஒன்று, அம்மா சொல்வது ஒன்று. அம்மாவுக்கு இந்த விளையாட்டு கடைசிவரை புரியப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டு, கோபமாக அவருக்கு முன்னால் வேகமாக நடந்தேன்.