பன்றியை வேண்டாம் என்ற டெக்ஸாஸ்காரி

வெர்னா டிட்வெல்லை எங்கள் ஊரில் எல்லோரும் சார்ஜென்ட் என்றுதான் கூப்பிட்டோம். விமானப்படையை விட்டு வந்து, நான் டீச்சராக இருக்கும் பள்ளியிலேயே அறிவியல் டீச்சரான பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. "சார்ஜென்ட், ஹோம்வொர்க்க நாளைக்குக் குடுக்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "நாளைக்கு நான் செத்துட்டா யார்கிட்ட குடுப்ப? எடு இப்பவே" என்பாள்.

போன செவ்வாய்க்கிழமை அவளை அடக்கம் செய்தோம். அவளை நினைக்க உட்கார்ந்தால், அழுகைக்கு முன்னால் அந்தக் கல்லூரி விசாரணைதான் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. அதை நினைத்தால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

வெர்னா பிறந்தது டெக்ஸாஸில். இருபது வருட ராணுவ வாழ்க்கையில் கடைசிப் பாதியை இங்கே மொன்டானாவில், எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் ஏவுகணைத் தளத்தில், லாரி இன்ஜின்களோடு கழித்தாள். தளத்துக் குடியிருப்பு பிடிக்காமல் என் பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்தாள். எங்கள் தீயணைப்பு வண்டியை அவள்தான் ஓட்டினாள். ஆனால் அவளுடைய சொந்த பிக்கப் வண்டியில் கடைசிவரை டெக்ஸாஸ் நம்பர் பிளேட்தான். ஓட்டும் டெக்ஸாஸுக்குத்தான், தபாலில். அந்த மாநிலத்தில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. எங்கே வேலைக்கு அனுப்பினாலும் ராணுவத்தார் சொந்த மாநிலத்தை விடாமல் வைத்துக்கொள்ளலாம். அவள் தளத்தில் பாதிப் பேர் அப்படித்தான். பனியை வாரிக்கொட்டிக்கொண்டே தங்களை, அதேபோல வரியில்லாத ஃப்ளோரிடாவின் ஆட்கள் என்பார்கள்.

நாற்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றதும் அவளுக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசை. பக்கத்து நகரத்துக் கல்லூரி இடம் கொடுத்தது. கூடவே, நீங்கள் டெக்ஸாஸ்காரர், ஆகவே வெளிமாநிலக் கட்டணம் என்றும் சொல்லிவிட்டது. அது உள்ளூர்க் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு. ராணுவம் கொடுத்த படிப்புப் பணம் அதற்குக் கிட்டக்கூட வராது.

என் சமையலறை மேசையில் காப்பியை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "ஹெல்கா, டெக்ஸாஸ்ல, லபக்ல என் தம்பி வீட்டு மாடி காலியா இருக்காம். அங்க போனா நான் உள்ளூர்க்காரி. கட்டணம் கம்மி."

"போயிடுவியாடி?"

"வேற என்ன பண்ண? படிக்கிற ஊர்லதான அப்புறம் வேலையும் கெடைக்கும். போனா போனதுதான்."

"இத்தன வருஷம் இங்க இருந்துட்டு, ஒரு நம்பர் பிளேட்ட மாத்தத் துப்பில்ல உனக்கு."

"வரிய மிச்சம் புடிச்ச காசுல உனக்கு எத்தன தடவ பீர் வாங்கிக் குடுத்திருக்கேன்? அப்பல்லாம் வாய மூடிக்கிட்டுக் குடிச்சல்ல?"

கல்லூரி முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்று கேள்விப்பட்டு, அவளை மனு போடச் சொல்லிப் பிடித்துத் தள்ளினேன். ஆகஸ்டில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சாட்சியாக நானும் போனேன். வெர்னா சீருடை போடவில்லை. என்னிடமிருந்து இரவல் வாங்கிய நீலச் சட்டை போட்டிருந்தாள். தோளில் இறுக்கிப் பிடித்தது.

எதிரே இரண்டு பேர். தலைவர் மிஸஸ் ப்ரூயிட், கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே பேசுபவர். பக்கத்தில் கோதுமை விவசாயி ஒருவர், கல்லூரிக் குழுவின் உறுப்பினர், வெயிலில் வெந்த கழுத்து.

தீயணைப்பு வண்டியைப் பற்றி, அவள் சுடும் பீச் பழக் கேக்கைப் பற்றி, பனிப்புயலில் பள்ளிப் பேருந்தை இழுத்து வந்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

"நல்ல மனுஷின்னு தெரியுது. அது கேள்வி இல்லம்மா" என்றார் மிஸஸ் ப்ரூயிட். "வேலைக்காக இங்க இருந்தாங்க. வேல முடிஞ்சுது. வேலையில இருக்கும்போதே இங்கயே தங்கிடணும்னு நெனச்சாங்களா? அதுக்கு என்ன அத்தாட்சி? வண்டி டெக்ஸாஸ், ஓட்டு டெக்ஸாஸ், வரியும்..."

"வரியே இல்ல மேடம்" என்றாள் வெர்னா.

நான் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "இங்க எங்க ஊர் கல்லறைத் தோட்டத்துல எனக்கு ஒரு குழிக்கு இடம் இருக்கு, மேடம். அது கணக்குல வருமா?"

கண்ணாடி பாதியில் நின்றது. "வாங்குனீங்களா?"

"குலுக்கல்ல விழுந்துது."

நடந்தது இதுதான். விசாரணைக்கு நான்கு வருடம் முன்பு கல்லறைத் தோட்டத்துக்கு வேலி போடப் பணம் திரட்ட ஊரில் குலுக்கல் வைத்தார்கள். முதல் பரிசு ஒரு குழிக்கான இடம். இரண்டாம் பரிசு, வெட்டிப் பொட்டலம் கட்டிய அரைப் பன்றி. எல்லோரும் பன்றிக்காகத்தான் சீட்டு வாங்கினோம், வெர்னாவும்தான். அவளுக்கு முதல் பரிசு விழுந்தபோது சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. பன்றி கிழவர் லார்ஸுக்கு விழுந்தது.

"அப்பவே லார்ஸ் மாத்திக்கலாமான்னு கேட்டாரு" என்று நான் குறுக்கே புகுந்தேன். "அவருக்கு எண்பது வயசு, பல்லும் இல்ல. எடம் எனக்கு, பன்னி உனக்குன்னாரு. இவ மாட்டேன்னுட்டா."

விவசாயி முன்னால் சாய்ந்தார். "அரைப் பன்னியவா வேணாம்னீங்க?"

"ஆமா சார்."

"தொடையோடயா?"

"தொட, பேக்கன் எல்லாந்தான் சார். நாக்குல எச்சி ஊறுச்சு. ஆனா அந்த எடத்துல நின்னு பாத்தா மலை தெரியுது. பன்னி ஒரு குளிர்காலத்துல தீந்துடும். அது எனக்குன்னு கெடைச்ச மொத எடம், சார். ராணுவத்துல கட்டில்கூட நமக்குச் சொந்தமில்ல."

அவள் அங்கே ஒரு லைலாக் பூச்செடி வைத்து, வாளியில் தண்ணீர் சுமந்து வளர்த்ததையும் சொன்னேன். மே மாதக் கடைசியில், ஊரே தங்கள் தங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து கொடி நடும் நாளில், இவளுக்கு அங்கே யாரும் இல்லாததால் தன் இடத்திலேயே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் காப்பி ஊற்றுவாள். ஒரு வருடமும் தவறியதில்லை.

மிஸஸ் ப்ரூயிட் விவசாயியைப் பார்த்தார். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "போயிடலாம்னு நெனக்கிறவ பன்னிய வாங்கித் தின்னுட்டுல்ல போயிருப்பா" என்றார். "இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் உங்களுக்கு?"

மிஸஸ் ப்ரூயிட்டும் சிரித்துவிட்டார். உள்ளூர்க் கட்டணம் என்று எழுதுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று சொன்னார்: "அந்த நம்பர் பிளேட்ட மட்டும் இன்னைக்கே கழட்டுங்க, சார்ஜென்ட்."

வாசலில், வண்டி நிறுத்துமிடத்திலேயே, வெர்னா என் நீலச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து கழற்றினாள். ஊர்வரைக்கும் நம்பர் பிளேட் இல்லாமல்தான் ஓட்டினோம். யாரும் பிடிக்கவில்லை. அவள் வழியெல்லாம் சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தாள், குரல் சகிக்கவில்லை.

நான்கு வருடத்தில் படித்து முடித்து, என் வகுப்புக்கு எதிர் வகுப்புக்கு வந்தாள். அந்த மடக்கு நாற்காலி ஒவ்வொரு மே மாதமும் மலையைப் பார்த்தபடி விரிந்தது.

செவ்வாய்க்கிழமை லைலாக் பூத்திருந்தது. இப்போது அது என்னைவிட உயரம். அடக்கம் முடிந்து ஊர்க்கூடத்துக்குப் போனால், வாசலிலேயே வாசனை. லார்ஸின் மகள் அடுப்பருகே கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அரைப் பன்னி" என்றாள். "அப்பா சாகும்போது சொல்லிட்டுப் போனாரு. சார்ஜென்ட் வேணாம்னுட்ட பன்னிய நாமதான் தின்னோம், அவளுக்கு அது பாக்கி இருக்குன்னு."

நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.