கோழித்தூக்கி என்று கொன்ற பறவை

போடிமெட்டுக்குக் கீழே மலைச்சரிவில் என் அண்ணனுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. போடியில் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தும் நான் விடுமுறைக்கு ஜீப்பு ஏறி அங்கே போய்விடுவேன். ஒருமுறை போனபோது, அண்ணன் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஏர்கன்னோடு நின்றிருந்தார். பருந்து ஒன்று நாள் தவறாமல் கோழியைத் தூக்குகிறதாம்.

"எந்தப் பருந்துண்ணே?"

"கொண்டை வச்சது. கோழித்தூக்கி."

சொல்லி வாய் மூடுமுன் மரக்கிளையில் ஒரு கொண்டை தெரிந்தது. சுட்டுவிட்டார்.

பறவை ஏலச்செடிகளுக்குள் விழுந்தது. சாகவில்லை. ஒடிந்த சிறகோடு மல்லாந்து, கால்களை நீட்டிச் சீறியது. அண்ணன் விறகுக்கட்டையை ஓங்கினார். நான் குறுக்கே கையை நீட்டினேன். நகங்கள் என் முன்கையில் இறங்கின. இழுக்க இழுக்க ஆழமாகப் போயின. ரத்தம் முழங்கைவரை ஓடியது.

"அசையாத ஆத்தா!" என்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே அண்ணன் அதன் கழுத்தை மிதித்தார். எலும்பு நொறுங்கியது கேட்டது. செத்த பிறகும் அது பிடியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அதைப் புரட்டினேன். கோழி தூக்கும் குடுமிக் கழுகுக்கு விரல்வரை இறகு மூடியிருக்கும். இதன் கால்கள் வெறுமையாக இருந்தன.

"அண்ணே, இது தேன்பருந்து. தேனடைதான் இதுக்குத் தீனி."

"கொண்டை இருக்குல்ல?"

கத்தியை வாங்கி இரைப்பையைக் கீறினேன். மெழுகும் தேனீப் புழுக்களும் வெள்ளை வெள்ளையாக விரலில் வழிந்தன. அண்ணன் பார்த்தார். எழுந்து போனார்.

நம் மலைப் பறவைகளுக்குப் புத்தகப் பெயர் வைத்த வெள்ளைக்காரர்கள் பலரும் முதலில் அவற்றைச் சுட்டார்கள். தோலை உரித்துப் பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டிக் கப்பலேற்றினார்கள். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. அன்று சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை.

ஊர் திரும்பிய சில நாளில் அண்ணன் செல்போனில் ஒரு படம் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். படத்தில் மரக்கிளையில் கொண்டை வைத்த பறவை, காலடியில் கோழி, விரல்வரை இறகு.

"இது அதுதான? வெரசா சொல்லு. குண்டு போட்டு வச்சிருக்கேன்."

'ஆமாம்' என்றால் அது செத்தது.

"பேரச் சொல்ல மாட்டேண்ணே. கூட்டுக்கு வலை கொண்டாறேன். சுட்டுறாதீங்க."



"கொண்டா," என்றார்.

அன்றைக்கே வலையோடு போனேன். நாங்கள் அதை இழுத்துக் கட்டும்போதும் மேலே கழுகு கோழியின் மிச்சத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. ரத்தம் ஒட்டிய இறகுகள் எங்கள் மேல் விழுந்தன. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டார், அண்ணாந்து பார்க்கவில்லை.