சாவி கேட்ட லண்டன் அக்கா

ஒருவர் கதவைத் தட்டி, "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டால் சங்கரன்கோவிலில் என்ன நினைப்பார்கள்? ஓட்டு, லோன், இல்லையென்றால் ஜெபக்கூட்டம். மூன்றுக்கும் வரவில்லை என்றார் ஞானபாக்கியம். அதனால்தான் எங்கள் தெருவுக்குச் சந்தேகம் கூடியது.

அவர் இந்த ஊர்க்காரர்தான். சின்ன வயதில் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனவர். அங்கே அவர் இருந்த ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பெண்களுக்கு, வண்டி தள்ளும் ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். இது என்ன நியாயம் என்று கேட்கப் போய், கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் அந்த ஊருக்குக் கவுன்சிலராகவே ஆகிவிட்டார். வெள்ளைக்காரன் ஓட்டுப் போட்டானா என்று டீக்கடையில் கேட்டார்கள். போட்டான். பல தடவை ஜெயித்தார். பார்லிமெண்டுக்கு நின்று தோற்றார். ஆனால் அந்தப் பெண்களுக்குச் சம்பளத்தைச் சமமாக்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். வீட்டுக்காரர் இறந்த பிறகு திரும்பி வந்து, தம்பி சுவிசேஷமுத்து வீட்டு மாடியில் இருக்கிறார். தான் இருந்தது லண்டன் இல்லை, வேறு ஊர் என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். எங்களுக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான். லண்டன் அக்கா என்ற பெயர் நின்றுவிட்டது.

ரிட்டயர் ஆனாலும் பழக்கம் விடவில்லை. சாயங்காலமானால் குடையும் கையுமாக வீடு வீடாகப் போவார். மழையே பெய்யாத ஊரில் குடை எதற்கு? அதுவும் சந்தேகம்தான்.

"எலக்சன் வருதுல்லா, இப்பமே அடி போடுதாவ," என்றார் டீக்கடை பரமசிவன்.

"இல்லவே, எடம் பாக்காவ. ரியல் எஸ்டேட்," என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

பெண்களுக்கு இருந்தது இதைவிடப் பெரிய சந்தேகம். லண்டன் அக்கா எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. காபி போட்டால் வேண்டாம். கலர் சோடா உடைத்துக் கொடுத்தால் வேண்டாம். சிரித்துக்கொண்டே கும்பிடு போடுவார். ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்காமல் எழுந்து போனால் எங்கள் பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவனுக்கும் தெரியும்.

என் சித்தி பேச்சித்தாய்க்கு விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றும் வேலை. நெசவுக்கான நூலைச் சின்னக் குச்சிகளில் ஏற்றிக் கொடுப்பது. அங்கே ஒரே ஒரு கழிப்பறை. அதற்குப் பூட்டு. சாவி மேஸ்திரி இசக்கித்துரையின் இடுப்பில். ஆண்களுக்குச் சுவர் ஓரம் போதும். பெண்கள்தான் அத்தனை பேர் முன்னாலும் போய்ச் சாவி கேட்க வேண்டும்.

"இப்பந்தான போன? என்ன, கொழாயத் தொறந்து விட்டாச்சா?" என்பார் இசக்கித்துரை. தறி ஓட்டுகிறவர்கள் சிரிப்பார்கள்.

அதனால் சித்தி பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக இரண்டு தடவை படுத்துவிட்டாள். இனியும் வந்தால் கிட்னிக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சண்டை போட்டால் வேலை போகும், போடாவிட்டால் கிட்னி போகும். எதை வைத்துக்கொள்வது என்பதுதான் சித்தியின் யோசனை.

லண்டன் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சித்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நர்ஸ் கண் விடுமா?

"ஏட்டி, வேல நேரத்துல தண்ணி குடிக்கியா?"

"குடிக்கேன்."

"பொய் சொல்லாத. மொகத்துலயே தெரியுது."

முதலாளி தங்கசாமி அனுப்பிய உளவோ என்று சித்திக்குப் பயம். பயத்தில் கோபம் வந்துவிட்டது. தண்ணீர்ச் சொம்பை டங்கென்று முன்னால் வைத்தாள்.

"மொதல்ல நீங்க குடிங்க. யார் வீட்டுலயும் ஒரு மடக்கு குடிக்க மாட்டிய. பொறவு என்ன சமத்துவம் பேசுதிய? எங்க சொம்புல குடிச்சா வாயி வெந்து போயிருமா?"

லண்டன் அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஜனங்களிடம் குறை கேட்கப் போன இடத்தில் ஒரு டீ குடித்தாலும் அது கை நீட்டி வாங்கியதாகும் என்று அவராக வைத்திருந்த கட்டுப்பாடு அது. அங்கே அதற்குப் பெயர் நேர்மை. இங்கே அதற்கு வேறு பெயர். காலமெல்லாம் சமத்துவம் பேசியவர், எங்கள் தெரு முழுக்கத் தீட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், குடையோடு.

"மறந்தே போச்சுட்டி," என்றார் மெதுவாக. சொம்பை எடுத்தார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, வாய் வைத்தே குடித்தார். சித்தி அதைக் கவனித்தாள். அதற்குப் பிறகுதான் சாவி விஷயத்தைச் சொன்னாள்.

"எம்பேரு வெளிய வந்துரக் கூடாதுக்கா. வேல போயிரும்."

"உம்பேரு எதுக்கு? நானுந்தான் தண்ணி குடிச்சிருக்கேன்."

அடுத்து நடந்ததைச் சித்தி நடித்துக் காட்டியபடி சொல்கிறேன். லண்டன்காரர் தறி பார்க்க வந்திருக்கிறார் என்றதும் தங்கசாமிக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலி போட்டார். அக்கா தண்ணீர் கேட்டார். மறுபடியும் கேட்டார். இளநீரும் வந்தது. பிறகு எழுந்து, தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"மேஸ்திரி தம்பி! கக்கூஸ் சாவியக் குடு!"

பக்கத்துத் தறிகள் நின்றன. இசக்கித்துரைக்குக் கேலி நாக்கு நுனி வரை வந்தது. முதலாளி எழுந்து நிற்பதைப் பார்த்து விழுங்கிவிட்டார். கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அக்கா மறுபடி கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டபோது தங்கசாமிக்கே கூச்சமாகிவிட்டது.

"ஏலே இசக்கித்துரை, வயசானவியள எத்தன வாட்டி கேக்க வைப்ப? ஆணியில மாட்டுலே!"

"எந்த ஆணியில மொதலாளி?"

"இந்தா, இங்கன இருக்கு," என்று தார் சுற்றும் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார் லண்டன் அக்கா. "எனக்கு இதான் வசதி. நாளைக்கும் வருவேன்."

வந்தார். சாவி அங்கே தொங்குவது எல்லோர் கண்ணுக்கும் பழகும் வரைக்கும் வந்தார்.

"பாத்தியளா, பொம்பளைய ஓட்டெல்லாம் மொத்தமா அள்ளிட்டாவ," என்கிறார் பரமசிவன். இப்போது அக்கா எல்லா வீட்டிலும் காபி குடிக்கிறார், விட்டதையெல்லாம் சேர்த்து. சுகர் ஏறுது என்று சுவிசேஷமுத்து புலம்புகிறார்.

சித்தி பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டு போகிறாள். சாயங்காலம் காலியாகத்தான் வருகிறது. எனக்கு யாரையும் லேசில் நம்பும் பழக்கமில்லை. வழியில் கொட்டிவிடுகிறாளோ என்று ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.

கொட்டவில்லை.