கத்திரி அத்தையின் கை தவறிய வெட்டு

"எழுதிக்கோம்மா. நிறுவனர், பக்கத்துல அப்பா பேரு. ரெண்டு மொழியிலயும் வரணும்," என்றார் தையற்கடைக்காரர்.

நான் வேலை செய்யும் பெயர்ப்பலகைக் கடையில் இரண்டு மொழியும் பிழையில்லாமல் எழுதுகிறவள் நான் மட்டும்தான். அதனால் அவரை என் மேசைக்கு அனுப்பியிருந்தார்கள். கூடவே அவருடைய அத்தையும் வந்திருந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"உங்கப்பன் எதைடா நிறுவினான்?" என்றார் அத்தை.

"இங்க வேண்டாம் அத்தை. உங்களுக்கும் ஒரு வரி போடச் சொல்றேன். முன்னோடின்னு."

"நான் எங்கடா ஓடினேன்? மெஷினை விட்டு எழுந்ததே இல்ல."

"சரி, மேல 'முன்னோர் ஆசியுடன்'னு போட்டுடலாம். அதுல நீங்களும் வந்துடுவீங்க."

"அதுல வர்றதுக்கு முதல்ல நான் சாகணும். பலகை என்னைக்கு மாட்டுற, சொல்லு. அதுக்குள்ள ஏற்பாடு பண்றேன்."

சிரிப்பை மறைக்கத் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் அவர் பெயர் கத்திரி அத்தை. பாதி தொழிலுக்காக, பாதி வாய்க்காக. கட்டினவன் விட்டுப் போனபின், வீட்டு முன்னறையில் ஒரு பழைய மெஷினைப் போட்டு உட்கார்ந்தவர். என் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் அவர் தைத்ததுதான். "வளர்ற பொண்ணு, கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்," என்பார் அம்மா. "வளர்ந்ததும் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா. இப்ப இவளுக்குத் தைக்கிறேன்," என்பார் அத்தை.

வேலை குவிந்ததும், சும்மா சுற்றிக்கொண்டிருந்த தன் தம்பியை, இந்தக் கடைக்காரரின் அப்பாவை, கூப்பிட்டுக் கல்லாவில் உட்காரவைத்தார். கல்லாவில் இருப்பவரைத்தானே ஊர் முதலாளி என்று சொல்லும்? தம்பியும் மறுக்கவில்லை. தம்பி இறந்ததும் முதலாளி நிறுவனர் ஆகிவிட்டார். அந்தச் சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. நான் படித்த இரண்டு மொழியிலும் அப்படித்தான். படிக்கிறவர்கள்தான் தாங்களே ஒரு மீசையை வரைந்துகொள்கிறார்கள்.

அத்தை பைக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். காலர் வெட்டுவதற்கான அளவு அட்டை. துணிமேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுவார்கள். தேய்ந்துவிட்டால், அதையே வைத்துப் புது அட்டை வெட்டிக்கொள்வார்கள். இதன் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு வெட்டு இருந்தது.

"இது எதுக்குடா?"

"காலரைச் சட்டையில வெக்கிறப்ப சரி பாக்கிறதுக்கு. அப்பா போட்ட அடையாளம். நம்ம கடையில எல்லாக் காலர் அட்டையிலயும் இருக்கே."

"சட்டையில எந்த எடத்தோட சேத்து சரி பாக்கிற?"

கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதோடயும் சேராது. முதல் அட்டை வெட்டினப்ப என் கை தவறிடுச்சு. வேற அட்டைக்கு வழியில்ல, விட்டுட்டேன். இத்தனை வருஷமா அதையும் சேத்து அச்சு மாறாம வெட்டிட்டு வர்றீங்க. உங்கப்பனும் அதையேதான் வெட்டினான். அவன் ஆரம்பிச்ச கடைன்னா, என் கை எப்படிடா அங்க தவறிச்சு?"

கடைக்காரருக்குக் காது சிவந்தது. அட்டையை அத்தையின் பக்கம் தள்ளினார்.

"வம்பே வேண்டாம்மா. நிறுவனர்ங்கிற வரியையே எடுத்துடு. கடைப் பேரு மட்டும் போதும்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, வண்டியை எடுக்க வெளியே போனார்.

அத்தை போகவில்லை. அந்த வரியை அழிக்கப்போன என் கையைப் பிடித்தார். கத்திரிப் பிடி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கட்டைவிரல்.

"அழிக்காத."

"அவரே வேண்டாம்னு சொல்லிட்டாரே அத்தை."

"அவன் சொல்லுவான். நீ நிறுவனர்னு மட்டும் போடு, ரெண்டு மொழியிலயும். பக்கத்துல என் பேரு அளவுக்கு எடம் விட்டுடு. பெயின்ட்டும் ஏணியும் நான் பாத்துக்கறேன்."