அண்ணி தேர்ந்தெடுத்த துப்பறியும் கதைகள்

எழுபதுகளின் கடைசியில், பள்ளிப் படிப்பு முடிந்து கல்யாணத்துக்காக வீட்டில் இருந்த நாட்களில், ஒரே சமயத்தில் மூன்று புத்தகங்கள் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று, ஆரணிக் கிளை நூலகத்தில் எடுத்த பயண நூல். இன்னொன்று, வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழித்துத் தைத்த பைண்டு. பக்கத்து வீட்டு டீச்சரம்மா கொடுத்தது. மூன்றாவது ஒரு தடிமனான குடும்ப நாவல். அது என் அண்ணிக்காக எடுத்தது.

அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் ராட்டை முன்னால் உட்கார்ந்து அண்ணனின் தறிக்கு நூல் சுற்றுவாள். நான் எதிரே சுவரில் சாய்ந்துகொண்டு சத்தமாகப் படிப்பேன். உள்ளே அண்ணன் நெய்கிற தறியின் சத்தத்தைத் தாண்டி அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதால் என் குரல் அப்போதே கொஞ்சம் கரகரத்துப் போயிருந்தது.

அந்த நாவலில் ஒரு அத்தியாயம் குழந்தையின் காய்ச்சலில் தொடங்கியது. நான் முன்னாடியே புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பக்கம் போவதற்குள் ராட்டை நின்றுவிட்டது.

"நிறுத்தும்மா. இது வேணாம்."

அண்ணியின் மகள் மூன்று வயதில் போனவள். அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். கண்ணமங்கலம் தாண்டும்போது குழந்தையின் உடம்பு சில்லிட்டுவிட்டது. என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சலுக்கு முதல் நாள் அண்ணி குழந்தைக்குப் பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றினாள், அதனால்தான் என்று அம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். பிறகு அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

"அழுவுற கதையே வேணாம்," என்றாள் அண்ணி. "யாரு செஞ்சாங்கன்னு கடைசில கண்டுபுடிப்பாங்களாமே, டீச்சரம்மா சொல்லிகினு இருந்தாங்க. அந்த மாதிரி எடுத்துகினு வா. ஒண்ணோட முடியாம வரிசையா வர்ற கதையா பாரு."

நூலகத்தில் அப்படி இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்றில் துப்பறிகிறவர் ஒரு இன்ஸ்பெக்டர். அட்டையில் துப்பாக்கியும் காரும். இன்னொன்றில் வேலையை விட்டு ஓய்ந்த ஒரு கம்பவுண்டர். எதை எடுப்பது என்று தெரியாமல் இரண்டிலும் முதல் பாகத்தை எடுத்துவந்து, ஒவ்வொன்றிலும் முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன்.

"எது வேணும், சொல்லுங்க அண்ணி."

"அந்த இன்ஸ்பெக்டரு வந்ததும் வராததுமா அடிக்கிறாரு. இந்தக் கம்பவுண்டரு பாத்திரம் தேய்க்கிற பொம்பள வரைக்கும் உக்கார வெச்சு கேக்குறாரு. இவரே இருக்கட்டும்."

ஏழு பாகங்களில் முதலாவதை ஒன்பது நாளில் முடித்தோம். அண்ணி நான்காம் நாளே கொலைகாரனைச் சொல்லிவிட்டாள். "அந்த வூட்டு மாப்பிள தான். மத்தவங்க எல்லாம் அழுவுறாங்க, அவன் மட்டும் எல்லாருக்கும் காப்பி குடுத்துகினு இருக்கான் பாரு." ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்ததைக் கேட்டேன்.

கடைசி அத்தியாயத்தில் கம்பவுண்டர் அந்த வீட்டார் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்வார். அதை அண்ணி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். இரண்டாம் தரமும் முடிந்த பிறகு கேட்டாள்.

"நம்ம வூட்ல யாராவது இப்பிடி உக்காந்து பேசினாங்களா?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"ரெண்டாம் நாளே வேலூருக்குப் போலாம்னு நான் சொன்னேன். புள்ள கண்ணு ஒரு மாதிரி இருக்குது, ஜல்தி கெளம்பலாம்னு உங்க அண்ணன் கிட்ட சொன்னேன். நீ அங்கதான நின்னுகினு இருந்த. சொன்னனா இல்லியா?"

சொன்னாள். நான் கேட்டேன். தறியில் ஒரு முகூர்த்தச் சேலை முடியும் தறுவாயில் இருந்தது. "வெறும் ஜுரம்தான், சேலைய முடிச்சு தறிலேர்ந்து அறுத்துட்டுப் போலாம்," என்று அம்மா சொன்னதும் கேட்டது. அண்ணன் தறியில் போய் உட்கார்ந்ததையும் பார்த்தேன்.

இப்போது அம்மா அடுப்படியில் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"எனக்கு ஞாபகம் இல்ல அண்ணி," என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தாள். கோபம் எதுவும் தெரியவில்லை. ராட்டையை மறுபடியும் சுற்றத் தொடங்கினாள். "சரி, அடுத்த பாகம் இருக்குதான்னு பாரு," என்றாள்.

அதற்குப் பிறகு நான்கு பாகங்கள் படித்தோம். அவள் ஒருநாளும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கொலைகாரன் யார் என்று முன்கூட்டிச் சொல்வதையும் விட்டுவிட்டாள். நான் கேட்டால், "நீயே படி, தெரியப் போவுது," என்பாள். ஆறாம் பாகத்தை வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அது திரும்பி வருவதற்குள் எனக்குக் கல்யாணமாகி வந்தவாசிக்குப் போய்விட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணன் இன்னொரு பெண்ணைக் கட்டினான். வேறு குழந்தை பிறக்கவில்லை என்பது அம்மா ஊருக்குச் சொன்ன காரணம். அண்ணியைக் களம்பூரில் அவள் தம்பி வீட்டில் விட்டுவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குக் கடிதம் வந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் தடுத்திருப்பேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். தடுத்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

ஒரு வருடம் கழித்துக் களம்பூர் போனேன். வந்தவாசி நூலகத்தில் அந்த ஆறாம் பாகம் கிடைத்திருந்தது, பையில் வைத்திருந்தேன். அண்ணி அரிசி மில்லில் வேலை செய்துகொண்டிருந்தாள். தலையெல்லாம் தவிட்டுத் தூசி. என்னைப் பார்த்ததும் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தை எடுத்தேன்.

"வேணாம்மா. வேலைக்குப் போய்ட்டு வந்தா கண்ணு சொருவுது. கதை மேல மனசு போவல."

அப்போதுதான் சொன்னேன். "அண்ணி, ரெண்டாம் நாளே போலாம்னு நீங்க சொன்னீங்க. நான் கேட்டேன். அம்மா என்ன சொன்னாங்கன்னும் கேட்டேன். ஞாபகம் இல்லன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அண்ணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். அம்மா காதுல வுழும்னு பயந்த. சின்னப் பொண்ணு, என்னா பண்ணுவ?"

"மன்னிச்சிடுங்க."

"உங்க அண்ணன் கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அப்போ என்கிட்ட சொல்லி என்னா ஆவப் போவுது?" என்றாள். குரல் உயரவில்லை. எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வந்தவாசி வந்ததும் அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். அந்த மூன்று நாட்களில் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று நினைவிருந்த அத்தனையையும் என் பொய்யையும் சேர்த்து எழுதினேன். பதில் வரவில்லை. அடுத்த பொங்கலுக்குப் போனபோது அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா வழக்கம்போல் சாப்பாடு போட்டாள். கடிதம் வந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு அண்ணன் ஒருமுறை களம்பூர் போனான் என்பதை வெகுநாள் கழித்து அண்ணியின் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். அண்ணி மில் களத்தில் காயப்போட்ட நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாளாம். தம்பி ஓடிப்போய், "மாமா வந்துகினு இருக்காரு, உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்," என்றிருக்கிறான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் மில் வாசலில் வெயிலில் அரை மணி நேரம் நின்றிருந்துவிட்டு, ஆரணி பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டான்.